பச்சைப் புள்ளிகள் இரையா, கூட்டாளியா? குளத்துச் சிலியேட்டுகளின் உள்ளே பார்ப்பது எப்படி

கேட்டிருப்பது இது: குளத்து நீரில் பச்சைப் பசேலென்று நீந்தும் சிலியேட்டுகள் (குற்றிழைகள் என்ற சிறு மயிர்களால் நகரும் ஒருசெல் உயிரிகள்) கிடைக்கின்றன. அவற்றுக்குள் தெரியும் பச்சை உருண்டைகள் அது தின்ற பாசியா, உள்ளேயே உயிரோடு குடியிருக்கும் பாசியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்டீரியாவும் இப்படி உள்ளே வாழும் என்கிறார்களே, அதையும் பார்க்க முடியுமா? கையில் இருப்பது 4, 10, 40, 100 லென்ஸ்கள் கொண்ட சாதாரண மாணவர் மைக்ரோஸ்கோப்.

முதல் கேள்விக்கு, தாராளமாக முடியும். அதற்கு 100 லென்ஸ்கூடத் தேவையில்லை, 40 போதும். ஆனால் ஒரு வாரமாவது பொறுமை வேண்டும். உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கேள்வி தீராது. தின்ற பாசி நிறம் மாறி, உருக்குலைந்து, வெளியேறிவிடும். குடியிருக்கும் பாசி அப்படியே இருந்து பெருகும். இந்த வித்தியாசம் நாள்போக்கில்தான் வெளிப்படும். ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில்தான் உண்டு: சில பாக்டீரியாக்களை உங்கள் கருவியிலேயே பார்த்துவிடலாம், ஆனால் பெரும்பாலும் இன்னது என்று பெயர் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் ஆள் யார் என்று பார்ப்போம். குளத்தில் கிடைக்கும் பச்சைச் சிலியேட்டுகளில் நிறையப் பேர் முதலில் சந்திப்பது பாரமீசியம் பர்சேரியா. பாடப்புத்தகத்தில் வரும் பாரமீசியம் காடேட்டம் 200 முதல் 300 மைக்ரான் வரை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீண்டு ஒல்லியாக இருக்கும். பர்சேரியா அதில் பாதிதான், ஏறத்தாழ 90 முதல் 150 மைக்ரான். அகலமாகவும் சற்றுத் தட்டையாகவும் இருக்கும். அதன் உள்ளே நூற்றுக்கணக்கான பச்சை உருண்டைகள் நெருக்கமாக அடைந்திருக்கும். இது இல்லாவிட்டால் ஸ்டென்டார் பாலிமார்ஃபஸ் ஆக இருக்கலாம். அது விரிந்து நிற்கும்போது ஊமத்தம்பூ போல வாயகன்று, ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளும், தொட்டால் உருண்டையாகச் சுருங்கும். கீழ்ப்பரப்பில் கால்களால் நடப்பதுபோல் ஓடினால் யூப்ளோட்டஸ். அதிலும் யூப்ளோட்டஸ் டைடலியோஸ் போன்ற இனங்கள் பாசியை வைத்திருக்கும். நீர்ச்செடித் தண்டில் பச்சைக் கூழ் உருண்டை ஒட்டியிருந்தால் அதையும் கிள்ளி ஸ்லைடில் வையுங்கள். ஆஃப்ரிடியம் வெர்சடைல் என்ற சிலியேட்டின் குடியிருப்பு அப்படித்தான் இருக்கும்: வெறும் கண்ணுக்கே தெரியும் கூழ், அதன் மேற்பரப்பு முழுக்க ஒல்லியான பச்சைச் சிலியேட்டுகள். பார்ப்பவர்கள் பாசிக் கட்டி என்றோ தவளை முட்டை என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள்.

ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஸ்டென்டார் கோருலியஸ் நீலப்பச்சையாக இருக்கும், ஆனால் அது பாசியின் நிறம் அல்ல. தோலுக்கு அடியில் வரிவரியாக இருக்கும் ஸ்டென்டாரின் என்ற அதன் சொந்த நிறமி. 40 லென்ஸில் வைத்தால் பச்சை உருண்டை எதுவும் தெரியாது, நீலப் பொடி கோடுகளாக அடுக்கியிருப்பதுதான் தெரியும். நடத்தையும் வேறு: இது வெளிச்சத்தைக் கண்டால் விலகும், பாலிமார்ஃபஸ் வெளிச்சத்தை நாடும். யூக்ளினாவையும் சிலர் பச்சைச் சிலியேட் என்று குறித்துவைக்கிறார்கள். அதற்குக் குற்றிழைகளே கிடையாது, முன்பக்கம் ஒரு கசையிழைதான்.

வெளிச்சத்தை நாடும் இந்தக் குணம் சேகரிக்கும்போது கைகொடுக்கும். நீர்ச்செடிகளைக் கொஞ்சம் தண்ணீரோடு ஜாடியில் எடுத்துவந்து, செடிகளைப் பிழிந்து, ஓரிரவு அசையாமல் வையுங்கள். அப்புறம் ஜாடியைக் கறுப்புத் தாளால் சுற்றி, ஒரு பக்கம் நாணயம் அளவுக்கு மட்டும் துளை விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். சில மணி நேரம் கழித்துத் தாளை விலக்கிப் பார்த்தால், பர்சேரியா இருக்கும் பட்சத்தில் துளைக்கு நேராக மங்கலான பச்சைத் திட்டு தெரியும். டிராப்பரை அங்கேயே வைத்து உறிஞ்சுங்கள். தேடி அலைய வேண்டியதில்லை. இந்தத் திட்டே ஒரு சிறு துப்புதான்: பாசி இல்லாத பாரமீசியங்கள் வெளிச்சத்தில் இப்படிக் கூடுவதில்லை.

ஸ்லைடு தயாரிப்பில்தான் பெரும்பாலானவர்கள் சிரமப்படுகிறார்கள், ஏனென்றால் சிலியேட் நிற்காது. மெத்தில் செல்லுலோஸ் கரைசலை ஒரு சொட்டு சேர்த்தால் வேகம் குறையும். ஆனால் அந்தக் கெட்டித் திரவத்தில் உள்ளுறுப்புகள் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், நீச்சலும் இயல்பாக இருக்காது. எனக்குப் பிடித்தது கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் வாசலைன் பொட்டு வைக்கும் பழைய முறை. சொட்டின் மேல் மெல்ல வைத்து, 10 லென்ஸில் பார்த்துக்கொண்டே ஊசி முனையால் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி குறையக் குறைய சிலியேட் மெதுவாகி, கடைசியில் அகப்பட்டு நிற்கும். அந்தக் கட்டத்தில் அழுத்துவதை நிறுத்திவிட வேண்டும். வாசலைன் இல்லையென்றால் வடிதாளை ஓரத்தில் தொட்டு நீரை உறிஞ்சியும் இதைச் செய்யலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்பது கைவசப்படச் சிறிது காலம் ஆகும்.

அதிகமாக அழுத்திவிட்டோமா என்று அறிய, செல்லுக்குள் சேரும் மிகுதி நீரை வெளியேற்றும் சுருங்கும் குமிழைப் பாருங்கள். பர்சேரியாவுக்கு இரண்டு உண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி நட்சத்திரக் கதிர்களாகக் கால்வாய்கள் தெரியும். கதிர்கள் பருத்து, நடுக்குமிழில் கொட்டி, குமிழ் சட்டென்று மறையும், திரும்பவும் தொடங்கும். இந்தத் தாளம் சீராக இருக்கும்வரை சிலியேட் நலமாக இருக்கிறது. குமிழ் வீங்கி நின்றுபோய், சுருங்க நேரம் எடுக்க ஆரம்பித்தால் அது சாகப்போகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அதன் உள்ளே பார்ப்பது எதையும் இயல்பானதென்று குறிக்காதீர்கள். இறக்கும் செல்லில் எல்லாமே கலைந்து போகும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை: கண்டென்சரின் டயஃப்ரத்தை முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்தால் நிறம் நன்றாகத் தெரியும், விளிம்புகள் தெரியாது. பாதி மூடினால் விளிம்புகள் வரும், நிறம் மங்கும். பாசிக் கேள்விக்கு நிறமே முக்கியம், ஆகவே திறந்தே வையுங்கள்.

இப்போது உள்ளே. 40 லென்ஸில் அசையாத பர்சேரியா ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபோகஸை மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்துங்கள். குடியிருக்கும் பாசிகள் கிட்டத்தட்ட ஒரே அளவில், 3 முதல் 6 மைக்ரான் வரையிலான உருண்டைகளாக, ஒரே மாதிரிப் பளிச்சென்ற பச்சையில் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி. பல உருண்டைகள் செல்லின் தோலுக்கு நேர் அடியில் ஒட்டி வரிசையாக நிற்கும். உள்பக்கத்தில் இருப்பவை சைட்டோபிளாசத்தோடு, அதாவது செல்லை நிரப்பியிருக்கும் கூழோடு, சேர்ந்து சுற்றி வரும். பர்சேரியாவில் இந்த ஓட்டம் நன்றாகவே தெரியும்: செல்லின் ஒரு பக்கமாகப் போய், முனையில் திரும்பி, மறுபக்கமாக வரும். ஒரே ஓர் உருண்டையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு சுற்று முடியும்வரை பின்தொடர்ந்து பாருங்கள். அது வழியில் இன்னொன்றோடு ஒட்டாது, உருக்குலையாது.

தின்ற பாசி இப்படி இருக்காது. அது உணவுக் குமிழுக்குள், அதாவது விழுங்கியதைச் செரிக்கும் பைக்குள், கும்பலாக இருக்கும்: குமிழின் வட்ட விளிம்பு தெரியும், உள்ளே நாலைந்து பாசி, கூடவே பாக்டீரியா, குப்பை. அளவும் வகையும் கலந்திருக்கும். நிறம் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் மாறும்: புதிதாக விழுங்கியது பச்சை, கொஞ்சம் முந்தையது ஆலிவ், அதற்கு முந்தையது பழுப்பு. குளோரோஃபில் அமிலத்தில் மெக்னீசியத்தை இழந்து ஃபியோஃபைட்டினாக மாறுவதால் வரும் பழுப்பு அது. இந்த நிறமாற்றத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நாசுலா என்ற சிலியேட்டைத் தேடுங்கள். நீலப்பச்சைப் பாக்டீரிய இழைகளை அது நூலிழுப்பதுபோல் முழுதாக உள்ளிழுக்கும். செரிமானம் ஆக ஆக உள்ளே நீலம், ஊதா, ஆரஞ்சு, பழுப்பு என்று குமிழ்கள் வண்ண வண்ணமாக நிரம்பிவிடும். அதைக் கூட்டுவாழ்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் இரண்டு குமிழ்கள் ஒரே நிறத்தில் இருப்பதே அரிது.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மேலே சொன்னவை வலுவான அறிகுறிகள், அவ்வளவுதான். பர்சேரியாவே பாக்டீரியாவையும் வேறு பாசியையும் தின்னும். ஒரே செல்லில் குடியிருப்பதும் இரையும் அருகருகே இருக்கும். கோலெப்ஸ் போன்ற சிலியேட்டுகள் இன்னும் குழப்பும்: அது செத்தவற்றையெல்லாம் மொய்த்துத் தின்னும், பச்சைப் பாரமீசியம் ஒன்றைத் தின்றுவிட்டு வயிறு நிறையப் பச்சையாகத் திரியும்; அதே சமயம் கோலெப்ஸில் சொந்தமாகப் பாசி வளர்ப்பவையும் உண்டு. மூன்றாவதாக ஒரு நடுவகையும் இருக்கிறது. ஒலிகோட்ரிக் என்ற பிரிவைச் சேர்ந்த சிலியேட்டுகளில் சில, தின்ற பாசியின் பசுங்கணிகத்தை (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பை) மட்டும் செரிக்காமல் வைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. அங்கே முழுப் பாசி செல் இல்லை, அது பிரிந்து பெருகுவதும் இல்லை. கணிகம் தீரத் தீர மறுபடி வேட்டையாட வேண்டியதுதான். நன்னீரில் பச்சையாகத் துள்ளிப் பாயும் சிறு சிலியேட்டைப் பார்த்தால் இந்த மூன்றாவது வாய்ப்பையும் மனதில் வையுங்கள்.

ஆகவே சோதனைக்குப் போகலாம். எளியது பட்டினி. பச்சைச் சிலியேட்டுகளை டிராப்பரால் ஒவ்வொன்றாக எடுத்து, வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறிய குளத்து நீருக்கு மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. இரண்டு மூன்று தடவை புதுச் சொட்டுக்கு மாற்றினால் கூடவே வந்த பாசி எல்லாம் கழிந்துவிடும். இப்போது சுத்தமான நீரில் சிலியேட் மட்டும். ஜன்னலோர வெளிச்சத்தில் மூடிவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். இரையாக இருந்தால் ஓரிரு நாளில் பழுப்பாகி வெளியேறி, சிலியேட் கண்ணாடி போல் ஆகிவிடும். ஒரு வாரம் கழித்தும் அதே பச்சை, அதே அளவு உருண்டைகள், அதுவும் புதிதாகப் பிரிந்த இரண்டு மகள் செல்களிலும் சமமாக இருந்தால் அவை குடியிருப்பவைதான். 

கூடவே இன்னொரு சோதனையும் செய்யலாம், இது பார்க்கவும் அழகு. காங்கோ ரெட் சாயத்தோடு வேகவைத்த ஈஸ்ட்டை மிகக் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். இந்தச் சாயம் அமிலத்தன்மை கூடி பிஹெச் 3 அளவுக்கு இறங்கினால் நீலமாகும், 5க்கு மேல் சிவப்பு. சிலியேட் ஈஸ்ட்டை வாய்க்குழியில் திரட்டி, குமிழாகக் கிள்ளி உள்ளே அனுப்புவதைச் சிவப்பு உருண்டையாகப் பார்க்கலாம். சில நிமிடங்களில் அது நீலத்துக்கு மாறும், பிறகு மெல்லத் திரும்பச் சிவக்கும். இப்போது அதே செல்லில் எது செரிமானப் பாதை என்று உங்களுக்கு நிறத்தால் அடையாளம் தெரிந்துவிட்டது. பச்சை உருண்டைகள் அந்தப் பாதைக்கு வெளியே தனித்தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். காங்கோ ரெட் கையில் படக்கூடாத சாயம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நேரமிருந்தால் எதிர்ச் சோதனையும் உண்டு. பர்சேரியாவில் ஒரு பங்கை இருட்டில் வைத்து, வேகவைத்த கோதுமை மணி ஒன்றைப் போட்டு பாக்டீரியா வளர விடுங்கள். சிலியேட் உணவு தின்று பிரிந்துகொண்டே போகும், உள்ளே இருக்கும் பாசிக்கு வெளிச்சமில்லாததால் அந்த வேகத்துக்குப் பெருக முடியாது. வாரங்கள் போகப் போக வெளிறியவை கிடைக்கும். அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பச்சைப் பர்சேரியாவை நசுக்கி எடுத்த பாசியைக் கலந்து கொடுத்தால் மறுபடி பச்சையாகத் தொடங்கும்.

இந்த மறுகுடியேற்றத்தை ஜப்பானில் கொடாமாவும் ஃபுஜிஷிமாவும் நிமிடக் கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பாசி முதலில் இரையாகத்தான் விழுங்கப்படுகிறது. சாதாரண உணவுக் குமிழுக்குள்தான் போகிறது. அமிலமும் செரிமான நொதியும் அதன்மேல் படத்தான் செய்கின்றன. ஒரே குமிழில் சில பாசிகள் பழுப்பாகிச் சாகின்றன, சில தாங்கிக்கொள்கின்றன. அரை மணி நேர அளவில், தாங்கியவை உணவுக் குமிழின் சவ்வைத் தங்கள்மேல் போர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொட்டுவிட்டுப் பிரிகின்றன. அந்தத் தனிச் சவ்வுக்குள் செரிமானம் நடப்பதில்லை. பிறகு அவை தோலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன, ஏறத்தாழ ஒரு நாள் கழித்துப் பிரியத் தொடங்குகின்றன. இரையா கூட்டாளியா என்ற உங்கள் கேள்விக்கு, அந்த முதல் அரை மணி நேரத்தில் பதிலே கிடையாது. அப்போது எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 

இவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் என்ன என்றால், பாசி ஒளிச்சேர்க்கையில் செய்யும் சர்க்கரையில் ஒரு பங்கை, முக்கியமாக மால்டோஸாக, வெளியே விடுகிறது. சிலியேட் நைட்ரஜன் சத்தும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. வெளிச்சம் இருந்து, தின்னப் பாக்டீரியா குறைவாக இருக்கும்போது பாசி உள்ளவை வெளிறியவற்றைவிட நன்றாகப் பெருகுகின்றன என்று 1963இல் ஸ்டீபன் கராகாஷியன் காட்டினார். உணவு ஏராளமாக இருந்தால் அந்த அனுகூலம் குறைந்துவிடும். இதை நீங்களே இரண்டு ஜாடி வைத்துச் செய்து பார்க்கலாம். மைக்ரோஸ்கோப்பும் எண்ணும் பொறுமையும் போதும்.

பாசிக்குக் கிடைக்கும் இன்னொரு லாபம் பாதுகாப்பு. இந்தப் பாசிகளைத் தாக்கும் குளோரோவைரஸ்கள் குளத்து நீரில் உண்டு. பிபிசிவி-1 என்பது அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது. சிலியேட்டின் உள்ளே இருக்கும்வரை வைரஸ் பாசியைத் தொட முடியாது, ஆனால் அருகிலேயே காத்திருக்கும். பச்சைப் பாரமீசியத்தைக் கோப்பெபாட் போன்ற சிறு ஓட்டுயிரி தின்று, பாசி வெளிப்பட்டால் தொற்று தொடங்கிவிடும். 2016இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. ஹால்டீரியா என்ற துள்ளும் சிலியேட் இந்த வைரஸையே உணவாகக் கொண்டு பெருக முடியும் என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. வைரஸ் உங்கள் லென்ஸில் தெரியாது, 200 நானோமீட்டருக்கும் சிறியது. ஆனால் உங்கள் ஸ்லைடில் இந்த நாடகத்தின் மற்ற நடிகர்கள் எல்லாரும் இருக்கலாம்.

பாசியை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் ஒன்றிரண்டு சிலியேட்டுகளைத் தியாகம் செய்யுங்கள். கவர்ஸ்லிப்பை அழுத்தி வெடிக்கவிட்டால் பாசிகள் வெளியே சிதறும். அப்போது எண்ணெய் விட்டு 100 லென்ஸ். ஒவ்வொரு உருண்டையிலும் கிண்ணம் போல் வளைந்த ஒரே ஒரு பசுங்கணிகமும், அதற்குள் பைரினாய்டு என்ற பளபளப்பான புள்ளியும் தெரியும். பழைய தாய்ச் சுவருக்குள் நான்கு குட்டிச் செல்கள் அடைந்திருப்பவை சில கிடைக்கும். சிலியேட்டின் உள்ளே பாசி பிரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று உங்கள் கருவியில் கிடைக்காது. செரிமானமாகிக்கொண்டிருக்கும் பாசி குட்டி போடாது.

பெயர் எழுதும்போது மட்டும் கொஞ்சம் அடக்கம் தேவை. பழைய நூல்களில் எல்லாவற்றையும் சூக்ளோரெல்லா என்று ஒரே பெயரில் அடைத்திருப்பார்கள். 1881இல் கார்ல் பிராண்ட் வைத்த பெயர் அது. மரபணு பார்த்த பிறகு பர்சேரியாவில் மட்டுமே குளோரெல்லா வேரியாபிலிஸ், மைக்ராக்டினியம் கண்டக்ட்ரிக்ஸ் என்று வேறு வேறு பாசிகள் இருப்பது தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் பச்சை உருண்டை. குறிப்பேட்டில் ‘குளோரெல்லா போன்ற பாசி’ என்று எழுதுவதே நேர்மை.

இனி பாக்டீரியா. இங்கே அளவு உங்களுக்கு எதிரி: பெரும்பாலானவை ஒன்றிரண்டு மைக்ரான், நிறமற்றவை, சுற்றியுள்ள துகள்களோடு கலந்துவிடும். இதற்கு அருமையான விதிவிலக்கு ஹோலோஸ்போரா. பாரமீசியம் காடேட்டத்தின் உட்கருவுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா இது. பாரமீசியத்துக்குப் பெரியதும் சிறியதுமாக இரண்டு உட்கருக்கள் உண்டு: ஹோலோஸ்போரா ஒப்டுசா பெரிய உட்கருவில், ஹோலோஸ்போரா அண்டுலாட்டா சிறிய உட்கருவில். இடம் மாறிப் போவதில்லை. பெருகும் கட்டத்தில் குட்டையாக இருக்கும். தொற்றும் கட்டத்தில் 10 மைக்ரானுக்கும் மேல் நீண்டுவிடும், அது 40 லென்ஸுக்கே எட்டும் அளவு. தொற்றிய செல்லில் உட்கரு வீங்கி, உள்ளே வைக்கோல் துண்டுகளை அள்ளிப்போட்டது மாதிரி குச்சிகள் நிறைந்திருக்கும். அண்டுலாட்டா, ‘அலையலையான’ என்ற அதன் பெயருக்கேற்ப, நெளிநெளியாக இருக்கும். மெத்தில் கிரீன் சாயத்தை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்துக் கவர்ஸ்லிப் ஓரத்தில் விட்டு, மறுஓரத்தில் வடிதாளால் இழுத்தால் செல் இறந்து உட்கரு பச்சைநீலமாக எடுத்துக்காட்டும். எல்லாக் குளத்திலும் கிடைக்காது, ஆனால் காடேட்டம் பார்க்கும்போதெல்லாம் உட்கருவை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

ஹோலோஸ்போராவை முதலில் விவரித்தவர் யார் தெரியுமா? வால்டெமார் ஹாஃப்கின். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபோது 1890இல் பாரமீசியத்தின் தொற்றுநோய்கள் என்று ஒரு கட்டுரை எழுதி, இந்தப் பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தார். அதன் பிறகுதான் காலராத் தடுப்பூசி, 1897இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசி எல்லாம். 

இன்னொரு புகழ்பெற்ற கதை கப்பா. 1938இல் அமெரிக்க மரபியலாளர் ட்ரேசி சோன்போர்ன், சில பாரமீசியங்கள் வளர்ந்த நீரில் வேறு வகைப் பாரமீசியங்களை விட்டால் அவை செத்துப்போவதைக் கவனித்தார். கொல்லும் குணம் சைட்டோபிளாசம் வழியாகக் கடத்தப்பட்டது. அதற்குக் காரணமானதைக் கப்பா என்று அழைத்தார். பின்னால் அது ஒரு பாக்டீரியா என்று தெரிந்தது, இன்று சீடிபாக்டர். அதன் உள்ளே ஆர்-பாடி என்ற புரத நாடா இறுகச் சுருண்டிருக்கும். பலியாகும் பாரமீசியம் அதை விழுங்கியதும், உணவுக் குமிழின் அமிலத்தில் நாடா சட்டென்று விரிந்து 20 மைக்ரான் வரை நீளும். ஆர்-பாடி உள்ள பாக்டீரியா ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (நிறமற்றவற்றையும் எடுத்துக்காட்டும் ஒளியமைப்பு) உள்ள மைக்ரோஸ்கோப்பில் பளிச்சென்று மின்னும், சாதாரண ஒளியில் சிரமம். உங்கள் கருவியில் பார்ப்பதற்கு ஹோலோஸ்போராவையே நம்புங்கள்.

பார்க்க முடியாவிட்டாலும் இருப்பதை அறிய ஒரு வழி, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. யூப்ளோட்டஸ் ஏடிகுலாட்டஸில் இருக்கும் பாலிநியூக்ளியோபாக்டர் நெசெசேரியஸ் என்ற பாக்டீரியா அப்படித்தான் புகழடைந்தது. ஆய்வாளர் கிளாஸ் ஹெக்மன் பெனிசிலின் கொடுத்துப் பாக்டீரியாவைக் கொன்றபோது, யூப்ளோட்டஸ் பிரிவதை நிறுத்திவிட்டு இறந்துபோனது. திரும்பப் பாக்டீரியா கிடைத்தவை பிழைத்தன. பர்சேரியா பாசி இல்லாமலும் தின்று பிழைத்துக்கொள்ளும், இது பாக்டீரியா இல்லாமல் வாழவே முடியாது. கூட்டுவாழ்வு என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

கடைசியாக, ஜாடியின் அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் சிலியேட்டுகள் உண்டு. முன்பகுதி முறுக்கிக்கொண்ட மெட்டோபஸ், முள்வால் கொண்ட கேனோமார்ஃபா ஆகியவை எளிதில் அடையாளம் தெரியும். இவற்றில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதில், ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் தரும் ஹைட்ரஜனோசோம் என்ற உறுப்பு இருக்கிறது. அது விடும் ஹைட்ரஜனை, உள்ளேயே குடியிருக்கும் மீத்தேன் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போலத் தோன்றும், ஆனால் வேறு வகையான நுண்ணுயிரிகள்) எடுத்து மீத்தேன் ஆக்குகின்றன. சேற்றைச் சொட்டாக எடுத்தவுடன் கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரத்தையும் வாசலைனால் முழுக்க அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆக்சிஜன் பட்டுச் சிலியேட்டுகள் சீக்கிரம் வெடித்துவிடும். ஆர்க்கியாக்களைச் சாதாரண ஒளியில் பிரித்தறிய முடியாது. அவற்றில் எஃப்420 என்ற துணைநொதி இருப்பதால் 420 நானோமீட்டர் ஊதாநீல ஒளி பட்டால் நீலப்பச்சையாக ஒளிரும். ஃபுளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் உள்ள கல்லூரி ஆய்வகம் ஏதாவது அனுமதித்தால் முதலில் கொண்டுபோக வேண்டியது இந்தச் சேற்று ஸ்லைடைத்தான், பச்சைப் பாரமீசியத்தை அல்ல. பாசி அங்கே சிவப்பாக ஒளிரும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் செரிந்துகொண்டிருக்கும் பாசியின் ஃபியோஃபைட்டினும் சிவப்பாகவே ஒளிரும் என்பதால் உங்கள் கேள்விக்கு அது தீர்ப்புச் சொல்லாது.

அந்தச் சேற்றுப் பக்கத்தில் ஊதாவும் பச்சையும் கலந்த ஒல்லிச் சிலியேட் கண்ணில் பட்டால் படம் எடுத்து வையுங்கள். சூடோபிளெஃபாரிஸ்மா டெனுவே என்ற இனத்தில் ஊதா கந்தகப் பாக்டீரியாவும் பச்சைப் பாசியும் ஒரே செல்லில் குடியிருப்பதை 2021இல் விவரித்தார்கள். தெற்கு ஜெர்மனியின் ஒரு சதுப்பு நிலத்திலிருந்து எடுத்தது.

நீங்கள் செய்யப்போகும் பட்டினிச் சோதனைக்கு, முதல் நாளிலிருந்தே ஒரே லென்ஸ், ஒரே விளக்கு அளவு, கேமராவில் ஒரே வெள்ளைச் சமநிலை என்று வைத்துக்கொண்டு வீடியோ எடுங்கள். தானியங்கி வெள்ளைச் சமநிலையை விட்டுவைத்தால் பழுப்பைப் பச்சையாகவும் பச்சையைப் பழுப்பாகவும் காட்டிவிடும். அளவுகோல் ஸ்லைடு ஒன்றையும் அதே உருப்பெருக்கத்தில் படமெடுத்துச் சேர்த்து வையுங்கள். ஏழாம் நாள் வீடியோவும் முதல் நாள் வீடியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்த இனம் என்பதிலும் உதவ முடியும்.